எழுபத்திரண்டு மணி நேரம்

கடல் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று
கணக்கிட்டுச் சொல்லும் நிரல் அது.
முதலாளி கிடையாது.
பன்னிரண்டு பேரிடம் சாவி.
ஒருவர் அதைத் தொலைத்து இரண்டு வருடமாகிறது,
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சட்டம் ஒரே பக்கம்.
சரி என்றால் கூட்டல் ஒன்று.
வேண்டாம் என்றால் கழித்தல் ஒன்று, காரணத்தோடு.
காரணமில்லாத கழித்தல் வெறும் இருமல்.
எழுபத்திரண்டு மணி நேரம்
ஒருவரும் மறுக்காமல் கடந்துவிட்டால்
மௌனம் சம்மதம்.

ஜூன் மாதம், செவ்வாய், மாலை ஏழு பத்து.
கடலே இல்லாத நாட்டில்,
பிர்னோ நகரின் மூன்றாம் மாடிச் சமையலறையில்,
கீழே வளைவில் டிராம் கிறீச்சிட,
ராதிம் எழுதுகிறான்:
பழைய இயந்திரங்களுக்கான பகுதியை
நீக்கிவிடலாம்.
நாலாயிரத்து நூறு வரிகள்.
இந்த வருடம் மட்டும்
பதினொரு சனிக்கிழமைகளைத் தின்றவை.

தக்கொராடியிலிருந்து அராபா: கூட்டல் ஒன்று.
அதைத் தொட்டாலே விரல் சுடுகிறது.
கிளாக்ஸ்விக்கிலிருந்து ரன்வா: கூட்டல் ஒன்று.
கூடவே ஒரு காற்புள்ளித் திருத்தம்.

பிறகு எதுவும் இல்லை.

அந்தப் பகுதியை நம்பியிருப்பது
உலகத்தில் ஒரே இயந்திரம்
என்று எல்லோருக்கும் தெரியும்.
சிலியின் தெற்கே, சோன்ச்சித் துறையில்,
வலைகள் காயும் கொட்டகையில்
எலிசேயோவின் மேசைமேல் இருப்பது.
வருடம் ஒருமுறை பிழை சொல்லி எழுதுவார்,
அடுத்த வீட்டில் உப்புக் கேட்பதுபோல.

புதன். வியாழன்.
எலிசேயோ வாயில் கொழுக்கட்டை.

வெள்ளி மதியம் ராதிம்
அந்தத் தீவின் வானிலையைத் திறந்து பார்க்கிறான்.
சிவப்பு. முழுக்கச் சிவப்பு.
ஒத்துக்கொண்டவரின் மௌனமும்
மின்சாரம் போனவரின் மௌனமும்
சலித்துப்போனவரின் மௌனமும்
திரையில் ஒரே வெள்ளைதான்.

மாலை ஆறு நாற்பதுக்கு,
இன்னும் அரை மணி இருக்கையில்,
தன் முன்மொழிவின்மேல் தானே வைக்கிறான்
கழித்தல் ஒன்று.
காரணம்: இது எந்த மௌனம் என்று
எனக்குத் தெரியவில்லை.

அராபாவுக்குக் கோபம்.
வாதியே எதிர்க்கட்சி வக்கீலா?
சட்டத்தில் இடமுண்டா?
பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்,
பின்புறம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
இடமில்லை என்று எங்கே இருக்கிறது, இது ரன்வா.
ஒன்பது நாள் இப்படியே.
எட்டாம் நாள் அராபா எழுதியது மட்டும்
ராதிமைத் தூங்கவிடவில்லை:
காத்திருப்பதும் ஒரு முடிவுதான்.
அதற்கு யார் வாக்களித்தார்கள்?

பதில் தெரியாமல்
இரண்டு முறை எழுதி இரண்டு முறை அழித்தான்.

பத்தாம் நாள் எலிசேயோ வந்தார்.
மன்னியுங்கள், புயலில் கூரை போய்விட்டது,
இப்போது பாதி போட்டாயிற்று.
அந்த இயந்திரமா?
மார்ச்சிலேயே மாற்றிவிட்டேனே,
சொல்ல மறந்துபோனேன்.
தாராளமாக நீக்குங்கள்.

ராதிம் சமையலறையில் தனியாகச் சிரித்தான்,
கெட்டில் கொதித்து அடங்கும்வரை.
பிறகு கழித்தலை எடுத்தான்.
நாலாயிரத்து நூறு வரிகள் போக
ஒரு நொடிகூட ஆகவில்லை.
அடுத்த சனிக்கிழமை
என்ன செய்வதென்று தெரியாமல்
சன்னல் கண்ணாடியைத் துடைத்தான்.

சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது
அராபாதான், இன்னும் கோபம் ஆறாத அராபா:
மௌனம் சம்மதம்;
ஆனால் யாருடைய கரையில் கை வைக்கிறோமோ
அவர் கதவை மட்டும் ஒருமுறை தட்ட வேண்டும்.

எழுபத்திரண்டு மணி நேரம் வைத்தார்கள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
நிறைவேறியது,
சாவி தொலைத்தவரின் சம்மதத்தோடு.